நெஞ்சு குளிர்ந்தது

ஒரே பொருளைக் குறிக்கும் சொற்கள் இரு மொழிகளிலும் இருக்கலாம். ஆயினும் அப்பொருளைப்பற்றி அவ்விரு மொழியாரும் கொண்ட எண்ணம் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. இதனை மாணாக்கர்க்கு நெடுங்காலமாகப் படிப்பித்து வருகின்றேன். எனினும் இதன் உண்மையை யான் நெஞ்சார உணர்ந்தது அண்மையிலேதான். உணர்த்தியோர் இருவர். ஒருவர், வெள்ளவத்தையில் யான் குடியிருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வாழும் எண்பது வயது மூதாட்டியார். மற்றவர், கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் அவருடைய பேர்த்தி. பதினான்கு வயதுச் சிறுமி. அவ்விருவர்க்கும் இடையே நின்று பிழை செய்தவன் யான். அப்பிழையைச் சொல்லுமுன், அதற்குக் காரணமான சொல்லைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

களனி ஆற்றுக்கு அப்பாலுள்ள எமது கீழைத்தேயக் கல்லூரியிலே மேல்வகுப்பு மாணாக்கர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி அளிப்பது என் கடமைகளுள் ஒன்று. ஒரு தை மாதத்துக் காலைப்பொழுதிலே, ஆற்றின்மேல் மென்பனி படர்ந்திருந்த வேளையில், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவன் ஒருவனுடைய ஏட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். மனுக்கொடுக்கச் சென்ற ஏழை ஒருவனை அதிகாரி முகங்கொடுத்துப் பேசாமல் அனுப்பிவிட்டதாகக் கூறும் ஆங்கிலப் பகுதி அது. 'கோல்ட்' என்னும் சொல்லை அடையாக்கி அவ்வரவேற்பை மூலம் குறித்திருந்தது. மாணவன், "அதிகாரி அவனுக்குக் குளிர்ந்த வரவேற்பு அளித்தார்" என எழுதியிருந்தான். சிவப்பு மையாற் கோடிட்டேன்.

"ஐயா, கோல்ட் எண்டால் குளிர்தானே? பிழை எங்கை?" என்றான் அவன்.

நியாயமான வினா. யான் மறுவினா ஒன்று விடுத்தேன். "விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாய். உன்னைக் கண்ட அம்மம்மா, 'என்ர கண் குளிர்ந்தது' என்கிறா. உன்னை அவமதித்தாவா?" வகுப்புச் சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் சிரிப்பு அடங்கியதும், "அப்படியெண்டால் எப்படி எழுதுறது?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த எமக்கு அன்றைய பாடவேளை முழுவதும் போதவில்லை.

தமிழிலே குளிர் எத்துணைப் பெருமையோடு வாழ்கின்றது என்பதை முதலிற் காண்க. மகவைக் கண்ட தாய்க்குக் கண் குளிர்கின்றது. பசியாறியவனுக்கு வயிறு குளிர்கின்றது. இன்சொற் கேட்டவனுக்கு உள்ளங் குளிர்கின்றது. 'தண்' என்னும் அடியோ இன்னும் மேலானது. நாம் பருகும் நீரைத் தண்ணீர் என்றோம். குளிர்ந்த நீர் என்பதே அதன் பொருள். நாளடைவில் அப்பொருளை மறந்து, கொதிக்கும் நீரையும் சுடுதண்ணீர் என்று சொல்லுமளவுக்கு அச்சொல் எம்மோடு ஒன்றிவிட்டது. அரசன் குடிகளிடத்துக் காட்டும் அருளைத் தண்ணளி என்றோம். மொழியைத் தண்டமிழ் என்றோம். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் அந்தணர் என்னும் பெயருக்குக் காரணங் கூறுமிடத்தும் தட்பத்தையே காட்டினார். கோபம் குறைதலைத் தணிதல் என்கின்றோம். துயருற்றவனுக்கு நாம் அளிப்பது ஆறுதல். பாலை ஆற்றுவதும் துயரை ஆற்றுவதும் எமக்கு ஒரே சொல்.

மட்டக்களப்புப் பகுதியில் இது வெறுஞ் சொல்லளவில் நில்லாமல் வழிபாடாகவே வளர்ந்துள்ளது. மதுரையை எரித்த கண்ணகியின் சினந்தணிய, அங்குள்ள ஊர்களில் வைகாசித் திங்களிலே நிகழுஞ் சடங்கிற்குத் திருக்குளிர்த்தி என்று பெயர். குளிர்ந்த தெய்வமே அருள் சுரக்கும் தெய்வம் என்பது அவ்வூரார் உள்ளக்கிடக்கை.

இனி, ஆங்கிலத்தை நோக்குவோம். 'கோல்ட்', 'கூல்', 'சில்' என்னும் மூன்றும் பழைய செருமானிய மொழிக் குடும்பத்தில் ஒரே அடியிலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள். (மூன்றாவது சொல், எமது 'சில்லென்று' என்னும் ஒலிக்குறிப்போடு ஒத்திருத்தல் தற்செயலே, அங்கே உறவு கற்பிக்க வேண்டா.) இலத்தீனிலும் இவ்வடிக்கு உறவுச்சொல் உண்டு, உறைபனியைக் குறிப்பது அது. விருந்துகளிற் பரிமாறும் 'ஜெலி' பிரெஞ்சு மொழி வழியாக வந்த அவ்வழித்தோன்றல். உறைந்தது என்பதே அதன் முதற்பொருள். ஆங்கிலேயரின் குளிருக்குப் பின்னே பனிக்கட்டி நிற்கின்றது. அது நீரை இறுக்கும், நிலத்தை இறுக்கும், வழிப்போக்கனைக் கொல்லும். ஆகவே இரக்கத்தால் இளகாத மனத்தைக் குளிர்ந்த நெஞ்சம் என்றனர். பதைப்பின்றிச் செய்யுங் கொலையைக் குளிர்ந்த குருதியிற் செய்த கொலை என்றனர். புறக்கணித்தலைக் குளிர்ந்த தோள் காட்டுதல் என்றும், துணிவிழத்தலைக் குளிர்ந்த பாதம் அடைதல் என்றும், ஒருவனுடைய ஊக்கத்தைக் குலைத்தலைக் குளிர்நீர் ஊற்றுதல் என்றும் வழங்கினர். கோடைவெயிலில் நடந்துவந்த தமிழனுக்குக் குளிர்நீர் ஊற்றினால் அவன் வாழ்த்துவான் அல்லனோ!

தமிழின் குளிருக்குப் பின்னே நிற்பது நீர். அது நனைக்கும், இளக்கும், முளைக்கச் செய்யும். இதனாலேயே எம் மொழியில் அன்புக்கு ஈரம் என்றும் பெயராயிற்று. அன்பின்மையைக் குறிக்க வேண்டுமாயின் நாம் செல்வது குளிரிடத்து அன்று, வறட்சியிடத்து. 'ஈரமற்ற நெஞ்சன்' என்றால் ஆங்கிலேயன் 'கோல்ட்' என்று எதனைச் சொன்னானோ அது முற்றும் வந்துவிடும். அதிகாரியின் வரவேற்புக்கு வள்ளுவரிடமே சொல் இருக்கின்றது. விருந்தோம்பல் அதிகாரத்திலே, அனிச்சப்பூவோடு விருந்தினரை ஒப்பிடுமிடத்து, முகந்திரிதல் என்னுங் கருத்தை அவர் வைத்திருக்கின்றார். "அதிகாரி முகந்திரிந்து வரவேற்றார்" என்று மாணவனுடைய ஏட்டில் எழுதிக் கொடுத்தேன்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? பெரும்பங்கு வானத்தினுடையது. கொழும்பிலே ஆண்டு முழுவதற்குஞ் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசு. மாதத்துக்கு மாதம் பெரிய மாற்றமில்லை. இலண்டனில் தை மாதச் சராசரி ஏறத்தாழ 5 பாகை. அங்குள்ளவனுக்கு வெயில் வரம். இங்குள்ளவனுக்கு நிழல் வரம். ஷேக்ஸ்பியர் தமது பதினெட்டாவது சொனற்றிலே காதலுக்குரியாரைக் கோடைநாளோடு வைத்து நோக்குகின்றார். சித்திரை வெயிலில் வியர்த்து வந்தமர்ந்திருக்கும் எமது மாணாக்கர்க்கு அதனைப் படிப்பிக்கும் ஆங்கில ஆசிரியர் படும் பாட்டை யான் அறிவேன்.

இது தமிழர்க்கே உரிய சிறப்பென்று மார்தட்டவும் இடமில்லை. எமது கல்லூரியில் என்னோடு பணிபுரியுஞ் சிங்கள ஆசிரியர் ஒருவரிடம் இதனைப் பேசியபோது, சிங்களத்திலும் 'சிசில்' என்னுஞ் சொல் இன்பமான குளிர்ச்சியையே குறிக்கும் என்றார். கடைகளில் விற்கும் குளிர்பானத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'சிசில் பீம'. மேலும் அவர், பாளி நூல்களிலே ஆசையும் சினமும் அவிந்த அருகதரைச் 'சீதிபூத' எனக் கூறுவதை நினைவூட்டினார். குளிர்ந்தவர் என்பது அதன் பொருள். ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டித் துருத்துப் பெரஹரா நிகழுங் களனி விகாரையிலிருந்து சிறிது தூரத்திலே நின்று இதனைக் கேட்டேன். ஆற்றின் இக்கரையிலே தண்ணளி என்பதும், அக்கரையிலே சீதிபூத என்பதும் ஒரே வெயிலிற் பிறந்த சொற்கள் அல்லவா? ஆங்கிலத்திலேயே வேறு வெயிலிலிருந்து வந்த நூல்களில் இக்கருத்தைக் காணலாம். விவிலியத்தின் நீதிமொழிகளிலே தூரதேசத்து நற்செய்தி விடாய்த்தவனுக்குக் கிடைத்த குளிர்நீரோடு ஒப்பிடப்படுகின்றது. அவ்வுவமை எழுந்தது யூதேயாவின் வறண்ட நிலத்தில்.

எனினும், நடுவுநிலை பிறழாது பேசுவதாயின், தமிழ்க் குளிர் எங்கும் இனியதே என்று முடித்தலும் தவறு. பத்துப்பாட்டிலே நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைப் படித்தவர்கள், கூதிர்க்காலத்து வாடை மனிதரையும் விலங்கையும் எவ்வாறு ஒடுக்கிற்று என்பதை அறிவர். 'பனித்தல்' என்பதற்கு நடுங்குதல் என்றும் பொருளுண்டு. இறந்தவர் உடல் சில்லிட்டது என்கின்றோம். பயம் நீங்கியவனைக் குளிர்விட்டுப் போயிற்று என்கின்றோம். பிறர் வீடு எரிகையில் ஆதாயம் தேடுவோனைக் குளிர்காய்கிறான் என்கின்றோம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது பழமொழி. சூடாக இருக்கவேண்டியது ஆறினால் எமக்கும் பிடிப்பதில்லை. சூடு சுரணை அற்றவன் என்று வைகின்றோமே, அங்கே சூடு மானத்தைக் குறித்து நிற்கின்றது. ஆகவே, சொல்லின் குணம் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இதனை மறந்து அகராதியில் முதற்கண் காணும் பொருளை எடுத்து வைப்பவனே தவறுகின்றான்.

இவ்வாறு எடுத்து வைத்தமைக்கு ஓர் உதாரணம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் வல்லரசுகளிடையே மூண்ட பகைமைக்குக் 'கோல்ட் வோர்' என்று பெயரிட்டனர். ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1945 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலே அத்தொடரை எடுத்தாண்டார். 1947 இல் வால்டர் லிப்மன் தமது நூலுக்கே அதனைத் தலைப்பாக்கினார். தமிழில் அது பனிப்போர் ஆயிற்று. பனிமலையிலே நடந்த போர் என்று எண்ணிய மாணவரை யான் கண்டிருக்கின்றேன். கெடுபிடிப் போர் என்று எழுதுவோரும் உளர். அத்தொடரை ஆக்கியவர் குளிரை ஒருபுறம் வைத்துவிட்டு, குண்டு வெடியாமலே ஒருவரை ஒருவர் நெருக்கும் நிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உவப்பானது அதுவே.

நோய்ப்பெயரிலும் இவ்வேற்றுமை உண்டு. மூக்கிலிருந்து நீர் வடிந்தால் ஆங்கிலேயனுக்குக் 'கோல்ட்' பிடிக்கின்றது. அவன் குளிரைக் குற்றவாளியாக்கினான். தமிழரோ அதனை நீர்க்கோவை, சலதோடம், சளி என்றனர். எம் யாழ்ப்பாணத்தார் தடிமன் என்கின்றனர். இப்பெயர்களுட் பெரும்பாலானவை குளிரைச் சுட்டவில்லை. இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அருகே இந்நோயை ஆராயவென்றே ஒரு நிலையம் 1946 முதல் 1989 வரை இயங்கியது. நோய்க்குக் காரணம் வைரசுகள் என்பது இன்று தெளிவு. பெயர் மட்டும் பழைய குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டே நிற்கின்றது.

உடன்பிறப்பான 'கூல்' என்பதன் கதையோ வேறு. காலி வீதியிலே பேருந்துக்கு நிற்கும் இளைஞர் வாயில் அச்சொல்லைக் கேளாத நாளில்லை. 'கூலாய் இரு' என்றால் பதறாதே என்பது பொருள். சிலவேளை 'கூல்' என்றாலே நன்று என்பது பொருள். பதற்றமின்மையை அச்சொல் குறிப்பது ஆங்கிலத்தில் நெடுநாளைய வழக்கு. நன்று என்னும் பொருள் பரவியது இருபதாம் நூற்றாண்டிலே, அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து, சிறப்பாக ஜாஸ் இசைவாணரிடமிருந்து. மைல்ஸ் டேவிஸ் என்னும் இசைவாணரின் இசைத்தட்டொன்று 'கூல் பிறந்தது' என்னும் பொருள்பட 1957 இல் வெளிவந்தது. இன்று இந்தியத் துடுப்பாட்டத் தலைவராக விளங்கிய மகேந்திரசிங் தோனியைக் 'கப்டன் கூல்' என்று சிறுவரும் அழைப்பர். பண்டிதர் பலர் இச்சொல்லைக் கேட்டு முகஞ்சுளிப்பர். யான் சுளிப்பதில்லை. எரிச்சலூட்டுஞ் சூழலில் எரியாதிருத்தலைக் குளிர்ச்சி என்று போற்றுவது எமக்குப் புதியதன்று.

வகுப்பிலே இவையனைத்தையும் எடுத்துரைத்து, மாணாக்கர் வியந்து நோக்க, மிகுந்த மனநிறைவோடு மாலையில் வீடு திரும்பினேன். பிழை நிகழ்ந்தது அதே கிழமையில்.

கீழ்த்தளத்து ஆச்சி கடிதம் ஒன்றை ஏந்தியவராய் வந்தார். கனடாவிற் பிறந்து வளர்ந்த பேர்த்தி, சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குச் சென்று எழுத்துப் பழகி, தன் கையாலே எழுதிய முதலாவது தமிழ்க் கடிதம். பொங்கல் வாழ்த்து. ஐந்து வரி, ஏழு எழுத்துப்பிழை. ஆச்சியின் கண்களிற் படலம் விழுந்திருந்தமையால் யானே படித்துக் காட்டினேன். மூன்று முறை படிக்கச் செய்தார்.

"மாஸ்டர், பிள்ளையின்ர கடிதம் கண்டது எனக்கு நல்ல சந்தோசம் எண்டு ஒரு பதில் எழுதித் தாங்கோ," என்றார்.

'நல்ல சந்தோசம்' என்பது என் பண்டிதச் செவிக்கு எளிமையாகத் தோன்றிற்று. பேனாவை எடுத்து, "உன் மடல் கண்டு என் நெஞ்சு குளிர்ந்தது" என்று எழுதினேன். ஆச்சி தலையசைத்தார். கடிதம் போயிற்று.

பதில் வரவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ஞாயிறுதோறும் மகள் தொலைபேசியில் அழைப்பார். பேர்த்தியைக் கேட்டால், படிக்கின்றாள் என்பார்; உறங்குகின்றாள் என்பார். ஆச்சி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படிக்கட்டில் என்னைக் காணும்போதெல்லாம், "தபாற்காரன் வந்தவனோ?" என்று கேட்பார். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளே உண்மையைச் சொல்லிவிட்டார். சிறுமி அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, எவருதவியுமின்றித் தானே அக்கடிதத்தைச் சொற்சொல்லாகப் படித்திருக்கின்றாள். நெஞ்சு என்றால் இன்னது; குளிர்ந்தது என்றால் இன்னது. தன் எழுத்துப்பிழைகளைக் கண்டு அம்மம்மாவுக்குத் தன்மேல் இருந்த அன்பு உறைந்துபோயிற்று என்று முடிவுசெய்து, கடிதத்தைப் பெட்டியில் மறைத்துவிட்டு அழுதிருக்கின்றாள். அந்நகரத்திலே தை, மாசியில் நீர்நிலைகள் உறையும். அவள் அறிந்த குளிர் அதுவே.

நாற்பது மாணாக்கர் நடுவே நின்று யான் விளக்கிய வேற்றுமையை, கடிதம் எழுதுகையில் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தேனில்லை. கொட்டாஞ்சேனை மாணவன் ஆங்கிலத்துக் குளிரைத் தமிழுக்குக் கொணர்ந்தான். யான் தமிழ்க் குளிரைப் பனிநாட்டுக்கு அனுப்பினேன். அவன் ஏட்டிலே கோடிட்டேன். என் கடிதத்திலே கோடிட எவருமில்லை. ஆச்சி சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தால் பிள்ளைக்கு விளங்கியிருக்கும்.

இரண்டாவது கடிதத்தை ஆச்சியும் யானும் சேர்ந்து எழுதினோம். இம்முறை அவர் சொல்ல யான் எழுதினேன். என் பங்கு ஒரேயொரு பத்தி. "பிள்ளை, உங்கள் ஊரில் மாசி மாதத்திலே வெளியே நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்ததும் உடம்புக்கு எவ்வளவு இதமாக இருக்கும்? எங்கள் ஊரில் சித்திரை வெயிலிலே நடந்து வந்து, வேப்பமர நிழலில் நின்று, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் அப்படி இருக்கும். அந்த நிழலையும் தண்ணீரையும் எண்ணித்தான் குளிர்ந்தது என்று எழுதினோம். உன் கடிதம் அம்மம்மாவுக்கு அப்படி இருந்தது."

அஞ்சலில் இட்டுவிட்டுத் திரும்பும்போது ஓரெண்ணம் என்னை வருத்திற்று. இனி ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பிறந்து வளரும் பிள்ளைகள் தமிழைக் கற்பார்கள். கற்க வேண்டும் என்று நாமும் வற்புறுத்துகின்றோம். ஆனால் எம் சொற்களோ வெயிலில் விளைந்தவை. தண்ணளி என்றும் கண்குளிர்தல் என்றும் பொருள் எழுதிக் கொடுத்தால் மனனஞ் செய்வர்; நடுங்கும் உடம்போடு அதனை உணர்வாரோ? நிழலைக் காட்டாமற் சொல்லை மட்டும் அனுப்பினால் அது வழியிலே உறைந்துபோகும் என்பதைக் கண்கூடாகக் கண்டேன். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் இதனை எண்ணுதல் வேண்டும். அதனோடு இன்னுமொன்றையும் எண்ணுதல் வேண்டும்: அப்பிள்ளைகள் தம் நாட்டுக் குளிரையும் கணப்பையும் வைத்துத் தமிழிற் புதிதாக ஒன்றைச் சொல்ல வந்தால், நாம் என் செய்வோம்?

அதற்கு விடை காண யான் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று கிழமையிலே பதில் வந்தது. இம்முறை பத்து வரி, பிழை நான்கு. ஆச்சியின் முன்னமர்ந்து படித்துக்கொண்டு போனேன். கடைசி வரியில் என் குரல் தயங்கிற்று. "அம்மம்மா, உங்கட கடிதம் வாசிச்சு என் நெஞ்சு சூடானது" என்று எழுதியிருந்தாள்.

தமிழிலே நெஞ்சு சூடாவது சினத்தால். வகுப்பாயின் கோடிட்டிருப்பேன். இங்கே எவ்வாறு படிப்பது? குளிர்ந்தது என்று மாற்றிப் படித்துவிடலாமா என எண்ணி ஒரு கணம் நின்றேன். பிறகு உள்ளது உள்ளபடியே படித்தேன்.

ஆச்சி சிறிதும் திகைக்கவில்லை. முகம் மலர்ந்தது.

"அங்கை குளிர் நாடெல்லே, மாஸ்டர்," என்றார். "பிள்ளைக்குச் சூடுதானே வேணும்."

சிவப்பு மைப்பேனா என் சட்டைப்பையிலேயே இருந்தது.